பூட்டியின் பெயர் யாது?

நம் பிள்ளைகளிடம் தந்தையின் பெயரைக் கேட்டால் உடனே விடை வரும். பாட்டனாரின் பெயரைக் கேட்டாலும் வரும். பாட்டனாரைப் பெற்றவர் யாரென்று கேட்டால் பாதிப்பேர் தலையைச் சொறிவர். தாயின் தாயைப் பெற்றவளின் பெயர் யாதெனக் கேட்டாலோ வகுப்பறை முழுவதும் மௌனமாகிவிடும்.

இதற்காகப் பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. நம்மவர் பெயரிடும் முறையே அத்தகையது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் நம்மிடையே இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரனிடம் வரும்போது அவ்வெழுத்தும் உதிர்ந்துவிடும். போதாக்குறைக்கு, பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் உண்டு. அதனால் வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை, அவ்வேலுப்பிள்ளையின் மகன் மீண்டும் கந்தையா என்று ஒரே வீட்டில் இரண்டு பெயர்களே மாறிமாறி வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'பேரன்' என்னும் சொல் பாட்டனையும் குறிக்கும், பாட்டனின் பெயரைத் தாங்கிய பிள்ளையையும் குறிக்கும். குடும்ப வரலாறு தேடப் புகுவோரை முதலில் மயங்க வைப்பது இச்சொல்லே.

பெண்மக்களின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழைப் புரட்டிப் பாருங்கள். அதில் தந்தைவழிப் பாட்டனாரைப் பற்றி எழுதுவதற்குக் கூடு உண்டு. பாட்டியாருக்கு இல்லை. வீட்டிலும் அவர் ஆச்சி, பெரியாச்சி, அம்மாச்சி என்றே அழைக்கப்பட்டு, அவ்வண்ணமே இறந்தும் போகிறார்.

கனடாவில் வாழும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் சில காலத்துக்கு முன் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகளுக்குப் பாடசாலையில் குடும்ப மரம் ஒன்று வரைந்துவரும்படி பணித்திருக்கிறார்கள். தந்தைவழியில் ஐந்து தலைமுறைகளை எழுதிவிட்ட சிறுமி, தாய்வழியில் மூன்றாவது கிளையில் பெயர் இல்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறாள். "ஏன் அப்பா, அந்த ஆச்சிக்குப் பெயர் இல்லையா?" என்று அவள் கேட்டாளாம். மானிப்பாயிலுள்ள தம் மனைவியின் தாய்வீட்டைப் பற்றி விசாரித்து அப்பெயரைத் தேடித் தரும்படி அவர் கேட்டிருந்தார். நான்கு நாளில் முடியும் வேலையென்று எண்ணித் தொடங்கினோம். நான்கு மாதம் சென்றது.

முதலில் வீட்டில் இருந்திருக்க வேண்டிய ஆவணம் கல்வெட்டு. கல்லிலே வெட்டப்பட்டதன்று. இறந்தவரின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது வந்தோருக்கு வழங்கப்படும் சிறு நூலையே யாழ்ப்பாணத்தார் இப்பெயரால் வழங்குவர். இக்காலத்தவர் நினைவு மலர் என்பர். இதனைப் படித்துவிட்டு மூலையில் எறிந்துவிடுவோர் பலர். ஆயின் ஊர் வரலாறு ஆராய்வோனுக்கு இதைப்போன்ற பொக்கிஷம் வேறொன்றில்லை. இறந்தவரின் குலமரபு அதில் செய்யுளாக வரும். அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசையாகச் செல்லும். கவிச்சுவை சில வேளை மிகக் குறைவுதான். ஆனால் யார் யார் புலம்புகின்றனர் என்று குறித்துக்கொண்டு போனால் குடும்பம் முழுவதும் கைக்கு வந்துவிடும். புலம்பாமல் விடப்பட்டவர் யாரென்று பார்ப்பதும் நன்று. பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக மணஞ்செய்த மகனோ மகளோ கல்வெட்டில் இடம்பெறாமற் போவது நம் ஊர்களில் அரிய செயலன்று.

கல்வெட்டிலே மிகப் பயன்படுவது திதி நிர்ணய வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகிய நான்கையும் அது கூறும். திவசம் செய்வதற்காக எழுதப்பட்ட அவ்வெண்பா ஆராய்ச்சியாளனுக்கும் உதவுகிறது. மாணாக்கர் இதனைக் கணிக்கும் வகையை அறிந்துகொள்ளல் வேண்டும். ஆண்டுப் பெயர்கள் அறுபது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அவை திரும்பி வரும். விகிர்தி என்று வெண்பாவில் இருப்பின் அது 1890 ஆகலாம், 1950 ஆகலாம், 2010 ஆகவும் கூடும். எதுவென்பதை வேறு சான்றுகொண்டு முடிவு செய்தல் வேண்டும். அன்றியும் நம் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், விகிர்தி ஆண்டு மாசி மாதம் என்றிருந்தால் அது 1950 அன்று, 1951 ஆம் ஆண்டின் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களாகும். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களிலும் இறந்தவர்களுக்கு ஓராண்டு குறைத்துக் கணக்கிட்டுவிடுவோர் மிகப் பலர்.

நாம் தேடிச் சென்ற வீட்டிலும் ஒரு கல்வெட்டு இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவ்வீட்டார் உறுதிப் பெட்டியை மட்டும் எடுத்துச் சென்றனர். புத்தகங்களை விட்டுச் சென்றனர். மறு ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியைக் கறையான் தின்றிருந்தது. கல்வெட்டின் முதற் பக்கங்களும் மனைவி புலம்பலும் அதற்கு இரையாகிவிட்டன. திதி வெண்பாவும் மக்கள் புலம்பலின் ஒரு பாதியும் எஞ்சின. பொது நூலகத்தில் ஒரு பிரதி இருந்திருக்கலாமே என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் ஊர்ப் பிரசுரங்களும் சாம்பலாயின. இன்று நூலகம் நிறுவனத்தார் இணையவழியில் தொகுத்துவரும் நினைவு மலர்கள் அவ்விழப்பில் ஒரு சிறு பகுதியையேனும் ஈடுசெய்கின்றன. தம் வீட்டிலுள்ள பழங் கல்வெட்டைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புவோர் உண்மையாகவே ஊருக்கு உதவி செய்வோராவர்.

கல்வெட்டுக் கைவிட்டதும் உயிரோடிருந்த சாட்சியைத் தேடினோம். நம் மாணாக்கரின் மாமியாருக்குச் சிறியதாய் முறையான மூதாட்டி ஒருவர், தொண்ணூறைத் தாண்டியவர், அதே ஒழுங்கையில் இருந்தார். "பெரியாச்சியின்ரை பேரோ? பெரியாச்சி எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவம் தம்பி. அந்த மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆர் உயிரோடை இருந்தது?" என்றார். பெயரைக் கேட்டதனால் அங்கே ஒன்றும் கிட்டவில்லை. பின்னர், எந்த மாதத்தில் யாருக்குத் திவசம் செய்தீர்கள் என்றும், மலாயாவிலிருந்து பணம் அனுப்பியவர் யார் என்றும், ஜப்பானியர் காலத்தில் கடிதம் வராமலிருந்தபோது அழுதவர் யார் என்றும் கேட்டோம். அணை திறந்தாற்போல் அவர் பேசினார். முதியோரிடம் பெயரையும் ஆண்டையும் கேட்டல் பரீட்சை வினாப்போல் அவர்களை வாய்மூடச் செய்யும். நிகழ்ச்சியைக் கேட்டால் பெயர் தானே வரும். அவர் அன்று சொன்னவற்றுள் ஒன்று, பெரியாச்சி தம் தாய் சீதனமாகக் கொடுத்த வளவிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தார் என்பது.

அச்சொல்லே நமக்கு வழிகாட்டியாயிற்று. யாழ்ப்பாணத்தில் பெயர் ஆண்வழி செல்லும். வீடு பெண்வழி செல்லும். தாய் தன் சீதன வளவை மகளுக்குக் கொடுப்பாள், மருமகன் அங்கே வந்து குடியிருப்பான். இவ்வழக்கம் தேசவழமையிலேயே அமைந்தது. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707 ஆம் ஆண்டில் நம் நாட்டு வழமைகளைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக்கினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை வகுத்திருக்கும் முறையை அறியாதவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதனையும் ஆராய இயலாது. பாட்டனாரின் வழியைத் தேடுவோர் சான்றிதழ்களைப் பார்க்கட்டும். பாட்டியின் வழியைத் தேடுவோர் காணி உறுதியைப் பார்த்தல் வேண்டும்.

கறையான் கல்வெட்டைத் தின்றதே ஒழிய, தோளிலே சுமந்து செல்லப்பட்ட உறுதிப் பெட்டி தப்பியிருந்தது. நம் மக்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதை அறிந்தால் எதை மதிக்கிறார்கள் என்பதும் விளங்கும். அந்த உறுதியை நொத்தாரிசுமாரின் நடைக்குப் பழகிய கண்ணோடு படித்தோம். உறுதி எதுவும் தனக்கு முந்திய உறுதியைக் கூறாமல் இராது: இக்காணி இன்ன தேதியில் இன்ன இலக்க உறுதிப்படி எனக்குச் சீதனமாகக் கிடைத்தது என்று அது சொல்லும். அவ்விலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அப்பிரதி தனக்கு முந்தியதைச் சொல்லும். ஏணிப்படிபோல இறங்கிச் செல்லலாம். மூன்றாம் படியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட சீதன உறுதியொன்றில், இன்னார் பெண்சாதி இன்னாள் என்று பூட்டியாரின் தாயின் பெயரும், மகளாகிய அவருடைய பெயரும் ஒருங்கே எழுதப்பட்டிருந்தன. ஒரு பெயரைத் தேடிப் போனவர்க்கு இரண்டு கிடைத்தன. அப்பெயர்களை ஈண்டு அச்சிடுதல் முறையன்று. கனடாவிலுள்ள சிறுமிக்கு எழுதியனுப்பினோம்.

வேலை அவ்வளவில் முடிந்திருக்கும். ஆயின் உறுதியில் நான்கு எல்லைகளும் உண்டு. எல்லைகளைப் படியாமல் உறுதியை மடித்துவைப்பது நம் வழக்கமன்று. வடக்கு எல்லைக்கு உரிமையாளராக எழுதப்பட்டிருந்தவரின் பெயரின் முற்பாதி ஆங்கிலப் பெயர்; பிற்பாதி தமிழ்ப் பெயர். அதனையடுத்து, தாதாவாகிய நன்கொடையாளியின் 'சகோதரன்' என்றொரு சொல் கிடந்தது.

ஆங்கிலப் பெயர் எவ்வாறு வந்தது என்பது இளையோர்க்கு விளங்காதிருக்கலாம். அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும், உடுவில் பெண்கள் பாடசாலை 1824 இலும் எழுந்தன. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றவர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்பது அக்கால ஏற்பாடு. பாவலர் சரித்திர தீபகத்தை 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் இவ்வகையாலேயே. பிற்காலத்துக் குடும்பத்தார் சிலர் அப்பெயரைக் கண்டு தம் முன்னோருள் வெள்ளையர் ஒருவர் இருந்தாரோ என ஐயுறுவதுண்டு. இருந்தது வெள்ளையரின் பணம் மட்டுமே. இதற்கும் முன்னர், போர்த்துக்கேயர் 1619 இலும் ஒல்லாந்தர் 1658 இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், கோயிலேட்டில் ஒரு ஞானஸ்நானப் பெயரும் வீட்டில் ஒரு சைவப் பெயருமாக வாழ்ந்தோர் எண்ணிறந்தோர். அக்காலத்து ஏட்டில் ஒரு 'தொன்' என்னும் அடைமொழியைக் கண்டு மார்தட்டுவதும் முகஞ்சுளிப்பதும் ஒருங்கே வேண்டாதவை.

உறுதியிலிருந்த ஆங்கிலப் பெயர்க்காரர், பூட்டியாரின் தாய்க்குச் சகோதரர். மிசன் பாடசாலையில் கற்று வேதத்தில் சேர்ந்து, தமக்குக் கிடைத்த பங்கில் வீடு கட்டியிருக்கிறார். அவருடைய வழியினர் இன்றும் அங்கேதான் இருக்கின்றனர். அவர்கள் வேதக்காரர், தெற்கு வளவினர் சைவர். இரு வீட்டாருக்கும் இடையே பல ஆண்டு நடந்த வேலி வழக்கொன்று உண்டு என்பது ஊரறிந்த செய்தி. கதிகால் ஒரு முழம் அப்பால் நடப்பட்டதா இப்பால் நடப்பட்டதா என்பதற்காக அவர்கள் நீதிமன்றத்துக்கு நடந்த நடையில் கொழும்புக்கே போய் வந்திருக்கலாம். அயலவர் என்பதற்கு மேல் ஓர் உறவும் இல்லையென்றே இரு வீட்டு இளையோரும் நம்பியிருந்தனர்.

மூதாட்டியிடம் மறுபடி சென்று கேட்டோம். அவர் சிறிதும் வியப்படையவில்லை. "அவை எங்கடை ஆக்கள்தானே. வேலிச் சண்டையோடை அந்தக் கதையை விட்டிட்டம்," என்றார். ஒரு தலைமுறை வேண்டுமென்றே வாய்மூடியிருந்தால் அடுத்த தலைமுறைக்கு உறவு அற்றுப்போகும் என்பதை நாம் நூல்களில் படித்ததுண்டு. அன்று நேரிற் கண்டோம். வடக்கு வீட்டுப் பெரியவரிடம் உறுதியின் பிரதியைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் வீட்டு வேதாகமத்தைக் கொணர்ந்து, அதன் முதல் தாளில் நான்கு தலைமுறைப் பிறப்புகளும் மையால் எழுதப்பட்டிருந்ததைக் காட்டினார். முதல் வரியில் அந்த ஆங்கிலப் பெயர்க்காரரின் பெற்றோர் பெயர்களும் இருந்தன. தெற்கு வீட்டாருக்குத் தெரியாதிருந்த இன்னொரு தலைமுறை அவ்வாறு வடக்கு வீட்டிலிருந்து கிடைத்தது. சென்ற சித்திரைப் புத்தாண்டில் மருதடிப் பிள்ளையார் தேர் பார்க்க வந்த தெற்கு வீட்டுப் பிள்ளைகள் வடக்கு வீட்டில் பலகாரம் உண்டனர் என்று கேள்விப்பட்டோம். வேலி அதே இடத்தில்தான் நிற்கிறது.

எல்லாத் தேடலும் இவ்வண்ணம் பலகாரத்தில் முடியும் என்று எண்ணற்க. பழைய ஆவணங்களுள் புகுவோர் தாம் காண விரும்பாததையும் காண்பர். தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. காணியோடும் மாட்டோடும் மனிதரையும் சீதனமாகக் கொடுத்த காலம் அது. நம் நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 ஆம் ஆண்டில்தான். ஒல்லாந்தரின் தோம்புகள் காணியையும் உரியவரையும், தலைவரியையும் உழியத்தையும், அவற்றோடு சாதியையும் எழுதிவைத்தன. தோம்பு என்னும் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தக் கும்பனியின் ஏடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. யுனெஸ்கோ 2003 ஆம் ஆண்டில் கும்பனியின் சுவடிகளை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு வீட்டார் தம் மூதாதையின் பெயரை உரியவர் நிரலில் காண்பர். அடுத்த ஒழுங்கையிலுள்ள வீட்டார் தம் மூதாதையை உடைமை நிரலில் காண்பர். முதல்வரைப் பற்றி மட்டும் நூல் அச்சிட்டுப் பெருமை பேசி, இரண்டாமவரை மறைப்பதானால் அது வரலாறாகாது; விளம்பரமாகும். தம் குடும்பம் கைலாயமாலையிற் குறிக்கப்பட்ட குடிகளுள் ஒன்றென்று நிறுவுவதற்காகவே தேடத் தொடங்குவோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்கள் முடிவை முன்னே எழுதிவிட்டுச் சான்றைப் பின்னே தேடுபவர்கள். அவர்களுக்கு நம் உதவி தேவைப்படாது.

இனி, தொடங்க விரும்பும் மாணாக்கருக்குச் சில சொற்கள். பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதற்குமாக 1867 ஆம் ஆண்டில் ஒழுங்குபெற்றது. அதற்கு முந்திய காலத்துக்குச் சான்றிதழ் தேடி அலையவேண்டா. சாதக ஓலையிலும் சாதகக் குறிப்பிலும் பிறந்த ஆண்டும் மாதமும் இருக்கும். கோயில் திருவிழா உபயம் எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று பழைய விளம்பரப் பத்திரங்களில் காணலாம். உபயம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறிய ஆண்டில் அக்குடும்பத்தில் ஒரு மரணமோ மணமோ நிகழ்ந்திருக்கும். பத்திரிகை மரண அறிவித்தல்கள் இருக்கின்றன. கனிட்ட புதல்வர், பாசமிகு மைத்துனர், பூட்டப்பிள்ளைகள் என்று நீளும் அவ்வறிவித்தல்களைக் கண்டு நகைப்போர் உண்டு. நாம் அவற்றை வெட்டி ஒட்டி வைக்கிறோம். ஒரே செய்தியை இருவர் சொன்னால், அவர்கள் இருவரும் மூன்றாமவர் ஒருவரிடம் கேட்டதோ என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயிரோடிருப்போரின் செய்தியை அவர் இசைவின்றி எழுதாதிருங்கள்.

ஆடி அமாவாசை நெருங்குகிறது. கீரிமலையில் தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்யச் செல்வோர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களையும் சொல்லுதல் வேண்டும். தாய், பாட்டி, பூட்டி ஆகியோருக்கும் அவ்வாறே மூன்று பெயர்கள் உண்டு. செல்லுமுன் வீட்டிலுள்ள முதியோரிடம் அவ்வாறு பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்க.

அடுத்த வாரம் காணிப் பெயர்களைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். கலட்டி, புலம், சீமா, வளவு என முடியும் பெயர்கள் நம்மிடம் ஏராளம் சேர்ந்துள்ளன. தம் வீட்டு உறுதியில் உள்ள காணிப் பெயரையும் ஊரையும் வாசகர் எழுதியனுப்பினால் நலம். உறுதி இலக்கமும் உரியவர் பெயரும் வேண்டியதில்லை.